வாசல் வரை

செண்டாய்
1936 மார்ச் 18

அண்ணிக்கு,

பிப்ரவரியில் பனி கொட்டிய அந்த இரவு, அண்ணா எதற்காக வெளிவாசல் வரை போனார்? இந்தக் கேள்வியை நேற்று ஒருத்தி என் வீட்டில் உட்கார்ந்து கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. தெரிந்தவர்கள் நீங்கள் இருவரும்தான்.

அண்ணாவின் சளி இப்போது எப்படி இருக்கிறது? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இங்கே பனி இன்னும் போகவில்லை, பள்ளியில் கரி அடுப்பை அணைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

கேட்டவள் பெயர் தாகி. என்னிடம் சரித்திரம் படித்தவள். முதல் பிள்ளையை எதிர்பார்த்து இங்கே அப்பா வீட்டில் இருக்கிறாள். அவள் கணவன் லெப்டினன்ட் நிஹெய்யை உங்களுக்கு நன்றாகத் தெரியும். அண்ணா இங்கே பிரிகேட் தலைவராக இருந்தபோது அவர் கையில் வளர்ந்தவன். போன மாதம் தலைநகரில் துருப்புகளை இறக்கி மந்திரிகளைக் கொன்ற இளம் அதிகாரிகளில் அவனும் ஒருவன். இப்போது ராணுவச் சிறையில் இருக்கிறான். விசாரணை மூடிய அறையில் நடக்குமாம். வக்கீல் இல்லை, அப்பீலும் இல்லை.

கலகத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு அவனும் இரண்டு நண்பர்களும் உங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தங்கள் மனதில் இருந்ததைச் சொன்னார்கள். அண்ணா ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, குடிக்கக் கொடுத்தார். ஆனால் அவர்கள் கிளம்பியபோது எழுந்து வெளிவாசல் வரை வந்தார். நிஹெய் வீட்டுக்குப் போய்த் தாகியிடம் சொன்னானாம்: “வாயால எதுவும் சொல்லல. வாசல் வரைக்கும் வந்தாரு. இதுக்கு மேல என்ன சொல்லணும்?”

அண்ணாவின் கணக்கு நம் எல்லோருக்கும் தெரியும். லெப்டினன்ட் என்றால் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு தலையசைப்பு. கர்னல் என்றால் செருப்பு கழற்றும் படி வரை. தனக்குச் சமமானவர், மேலானவர் என்றால்தான் வெளிவாசல். என்னை எப்போதும் படியோடு நிறுத்திவிடுவார். “தங்கச்சிக்குக் கர்னல் மரியாதை போதும்” என்று நீங்கள் சிரிப்பீர்கள்.

ஆகவே கேட்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிட்சு

•

டோக்கியோ
மார்ச் 31

அன்புள்ள ரிட்சுவுக்கு,

உன் கடிதம் வந்தது. சளி பரவாயில்லை, இருமல் மட்டும் இரவில் தொந்தரவு செய்கிறது. கலகம் நடந்த நான்கு நாளும் காய்ச்சலோடு படுக்கையில்தான் இருந்தார். மேலிடத்துக்கும் அப்படித்தான் தெரிவித்தோம். உண்மையும் அதுதான்.

இந்த மாதம் பெரிய பெரிய ஜெனரல்களை எல்லாம் ஓய்வுப் பட்டியலில் தள்ளிவிட்டார்கள். எதிர்வீட்டு ஜெனரலும் அதில் ஒருவர். ஒரே நாளில் அரசாங்கக் கார் நின்றுவிட்டது. அந்த அம்மாள் நேற்று மீன் கடையில் என்னைப் பார்த்து, “உங்க வீட்ல இன்னும் வண்டி வருதே, புண்ணியவதி” என்றாள். கெளுத்தி நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் பிளம் மரம் இந்த வருடம் தாமதமாகப் பூத்தது. நீ அனுப்பிய மிசோ விழுது நேற்றோடு தீர்ந்தது. செண்டாய் மிசோ இல்லாமல் உன் அண்ணா சூப்பைத் தொடுவதில்லை. உனக்குக் கடல்பாசி அனுப்பியிருக்கிறேன்.

அந்தப் பெண் உடம்பை அலட்டிக்கொள்ளாமல் இருக்கட்டும்.

ஃபுசா

•

செண்டாய்
ஏப்ரல் 8

அண்ணிக்கு,

கடல்பாசி கிடைத்தது. நான் கேட்டதற்குப் பதில் மட்டும் அந்தப் பொட்டலத்தில் இல்லை.

உங்களைச் சங்கடப்படுத்துவது எனக்குப் பிடித்த காரியமில்லை. ஆனால் தாகி வாரம் இருமுறை வருகிறாள். அழுவதில்லை. வயிற்றைப் பிடித்தபடி நேராக உட்கார்ந்து, “ஜெனரல் வீட்லேர்ந்து ஏதாச்சும் வந்துச்சா டீச்சர்?” என்று ஒருமுறை கேட்பாள். பிறகு என் பரீட்சைத் தாள்களை அடுக்கி வைத்துவிட்டுப் போவாள்.

அவள் கேட்பது மன்னிப்பு அல்ல. தன் கணவன் செய்தது சரி என்றும் அவள் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். செத்தவர்கள் வயதானவர்கள், அவர்களுக்கும் வீட்டில் பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் பெரியவர்கள் யாரும் சம்மதிக்காமல் இந்தப் பையன்கள் தாங்களாகவே வெறிபிடித்துப் போனார்கள் என்றுதான் வழக்குப் போகிறதாம். ஒரு ஜெனரல் முன்வந்து, ‘இவர்கள் பேச்சைக் கேட்டேன், தடுக்கவில்லை, நான் சம்மதித்ததாக அவர்கள் நினைக்க இடம் கொடுத்தேன்’ என்று எழுதினால், சாவுக்கும் சிறைக்கும் நடுவில் அது நிற்கக்கூடும். நிற்காமலும் போகலாம். எனக்குச் சட்டம் தெரியாது. தாகிக்கு வேறு வழி தெரியவில்லை.

இதனால் அண்ணாவுக்கு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். மீன் கடையில் உங்களைப் பார்த்து யாரும் புண்ணியவதி என்று சொல்ல மாட்டார்கள்.

ரிட்சு

•

டோக்கியோ
ஏப்ரல் 27

ரிட்சுவுக்கு,

பதில் தாமதம். வீட்டில் வெயிலுக்காக எல்லா விரிப்புகளையும் எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தோம்.

நீ கேட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை, நீயாக எதையாவது கற்பனை செய்துகொள்ளாதே. அன்று பனியில் வெளிவாசல் தாழ்ப்பாள் உறைந்துவிட்டது. வேலைக்காரப் பெண் யோனே இழுத்துப் பார்த்துவிட்டு, “அம்மா, வரவே மாட்டேங்குது, எங்க ஊரு மாடு மாதிரி நிக்குது” என்று கத்தினாள். வந்த பையன்கள் மூவரும் வெளியே போக முடியாமல் நின்றார்கள். உன் அண்ணா எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டார். அவ்வளவுதான். தொப்பிகூடப் போடாமல் போனார். நான் பின்னாலேயே எடுத்துக்கொண்டு ஓடினேன், வாங்கிக்கொள்ளவில்லை. அந்தச் சளி அன்று பிடித்ததுதான். மறுநாளே காய்ச்சல்.

வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை. பழைய பருத்தி யுகாத்தா அங்கிகள் நாலைந்து துவைத்து மடித்து அனுப்புகிறேன். நன்றாக மெத்தென்று இருக்கின்றன. கிழித்துக் குழந்தைத் துணியாக வைத்துக்கொள்ளலாம். யாருக்காவது பயன்படும்.

ஃபுசா

•

செண்டாய்
மே 5

அண்ணாவுக்கு,

இருமல் நின்றிருக்கும் என்று நம்புகிறேன். அண்ணி அனுப்பிய துணிகள் வந்தன. அவற்றில் ஒன்றில் இப்போது ஒரு பெண் குழந்தை தூங்குகிறது. தாயும் சேயும் நலம்.

அண்ணி தாழ்ப்பாளைப் பற்றி எழுதினார்கள். செண்டாய்ப் பனியில் வளர்ந்தவள் நான். உறைந்த தாழ்ப்பாளைத் திறக்க வெந்நீர் ஒரு கெண்டி போதும். அதற்காக நின்று யாரும் காய்ச்சலில் விழுந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் நான் அங்கே இல்லை, அதனால் அது பொய் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. தாழ்ப்பாளே காரணமாக இருக்கட்டும். அப்படியானாலும் அவர்கள் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டிருக்கலாம் என்று உங்களால் சொல்ல முடியும்.

பதினான்கு வயதில் கேடட் பள்ளிக்குப் போனீர்கள். உங்கள் தொப்பி காதுவரை இறங்கியிருந்தது, நான் ரயிலடியில் சிரித்தேன். முக்டன் போரில் தோளில் குண்டு. ஸ்டாஃப் கல்லூரியில் சக்கரவர்த்தியின் பரிசு வாள். ஜெர்மனி, சைபீரியா, பிறகு எங்கள் ஊரிலேயே பிரிகேட். இதில் எதுவும் உங்களுக்குச் சும்மா கிடைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

எனக்கு நினைவிருப்பது வேறொன்று. முக்டனிலிருந்து வந்த வருடம், அப்பா “பொண்ணுக்கு எதுக்குடா பல்கலைக்கழகம், கல்யாணச் சந்தையில செலாவணியாகுமா அது?” என்று கேட்டார். நீங்கள் கட்டுப்போட்ட தோளோடு உட்கார்ந்திருந்தீர்கள். “போகட்டும்ப்பா” என்றீர்கள். அந்த ஒரே வார்த்தையில் நான் டோக்கியோ வந்து படித்தேன். உங்கள் ஒரு வார்த்தைக்கு என்ன எடை என்று எனக்குத் தெரிந்ததால்தான் இன்னொன்று கேட்கிறேன்.

தங்கை ரிட்சு

•

டோக்கியோ
மே 21

ரிட்சுவுக்கு,

மிசோ வந்தது. ஒரு பல் ஆடுகிறது, மற்றபடி நலம்.

இளைஞர்கள் அன்று வடக்கே விளைச்சல் பொய்த்ததைப் பற்றிப் பேசினார்கள். தங்கள் துருப்பில் உள்ள விவசாயிகளின் தங்கைகள் விற்கப்பட்டதைச் சொன்னார்கள். நானும் அந்த மண்ணில் பிறந்தவன். கேட்டேன். இன்ன நாளில் இன்னது செய்யப்போகிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை. செய் என்று நான் சொல்லவில்லை. சொல்லாத ஒன்றுக்கு வாக்குமூலம் எழுத முடியாது.

தாழ்ப்பாள் உறைந்திருந்தது. திறந்தேன்.

சீருடை போட்டு நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த வசந்தத்தில் என் மேலதிகாரிகள் பலர் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் ராணுவத்தைத் திரும்ப ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும். ஆகஸ்டில் ஒரு டிவிஷன் தலைமை காலியாகிறது.

இதைப் பற்றி இனி எழுதாதே. இப்போது கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள். நீ பள்ளியில் வேலை செய்பவள். உன் நன்மைக்காகச் சொல்கிறேன்.

ட்சுனெயோஷி

•

செண்டாய்
ஜூன் 12

அண்ணிக்கு,

மழைக்காலம் தொடங்கிவிட்டது. நலம்.

அண்ணாவின் கடிதத்தைத் தாகிக்குப் படித்துக் காட்டவில்லை. “எழுத மாட்டார்” என்று மட்டும் சொன்னேன். குழந்தையை மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு, “சரி டீச்சர்” என்றாள். வழக்கம்போல் தாள்களை அடுக்க ஆரம்பித்தாள். வேண்டாம் என்றேன். “கையைச் சும்மா வெச்சிருந்தா எனக்குத்தான் கஷ்டம்” என்றாள்.

இன்னும் தீர்ப்பு வரவில்லை. மிசோ இந்த வாரம் அனுப்புகிறேன்.

ரிட்சு

•

டோக்கியோ
ஜூலை 20

ரிட்சுவுக்கு,

உன் ஜூன் கடிதத்துக்கு இப்போதுதான் எழுதுகிறேன். நீயும் பத்திரிகை பார்த்திருப்பாய்.

மரண தண்டனையை நிறைவேற்றிய காலை இவர் வழக்கம்போல் எழுந்து முகம் மழித்துக்கொண்டார். சூப் வேண்டாம் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அன்று முழுக்கச் சீருடையோடு எழுதும் அறையில் உட்கார்ந்திருந்தார், எதையும் எழுதவில்லை. சாயங்காலம் யோனேயைக் கூப்பிட்டு வெளிவாசல் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போடச் சொன்னார். ஜூலை மாதத்தில். அவள் என்னைப் பார்த்தாள். “போடு” என்றேன்.

வடக்கு டிவிஷன் இவருக்கு உறுதியாகிவிட்டது. ஆகஸ்ட் முதல் தேதி அறிவிப்பு. இரண்டு நாளாக வாழ்த்துச் சொல்ல ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். எதிர்வீட்டு அம்மாளும் வந்தாள்.

தாகியால் சிறையில் கணவனைப் பார்க்க முடிந்ததா? எழுது. எழுத விருப்பமில்லை என்றால் வேண்டாம்.

ஃபுசா

•

(தபால் அட்டை)
டோக்கியோ
ஜூலை 31

ரிட்சுவுக்கு. ஆறாம் தேதி செண்டாயில் இறங்கி ஓர் இரவு தங்குவேன். பயணம் ஏழாம் தேதி காலை தொடரும். பெட்டியில் சாதாரண உடை கொண்டுவருகிறேன். நீ ஓர் இடத்துக்கு வழி காட்ட வேண்டும். பல்லைப் பிடுங்கிவிட்டார்கள்.

ட்சுனெயோஷி

•

செண்டாய்
ஆகஸ்ட் 6, இரவு

அண்ணிக்கு,

அண்ணா சுகமாக வந்து சேர்ந்தார். பக்கத்து அறையில் தூங்குகிறார், அல்லது தூங்குவதுபோல் படுத்திருக்கிறார். நீங்கள் கேட்டதற்கும் சேர்த்து எழுதுகிறேன். தாகிக்குக் கடைசியாக ஒருமுறை பார்க்க அனுமதி கிடைத்தது. குழந்தையையும் காட்டினாள். அதற்கு மேல் அவள் என்னிடம் சொல்லவில்லை.

இன்று தனபாதா, நட்சத்திரத் திருவிழா. கடைத்தெரு முழுவதும் மூங்கிலில் காகிதத் தோரணங்கள் தொங்குகின்றன. அண்ணா சாம்பல் நிறக் கிமோனோவில், வைக்கோல் தொப்பியோடு, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்போல் என் கூட நடந்தார். காகிதங்களைக் கையால் விலக்கிவிட்டுப் போக வேண்டியிருந்தது. யாருக்கும் அவரைத் தெரியவில்லை. ஒரு கிழவர் மட்டும், “ஐயா, தொப்பியக் கழட்டுங்க, தோரணம் கிழியுது” என்று அதட்டினார். கழற்றிக்கொண்டார்.

ஒரு கலகக்காரனின் சாம்பலுக்கு முன்னால் புது டிவிஷன் தலைவர் போய் உட்காருவது தெரிந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வந்தார். ஆனால் ஆகஸ்டில் வந்தார்.

தாகியின் அப்பா தலைகுனிந்து வரவேற்றுவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணா சாம்பல் பெட்டியின் முன் ஊதுவத்தி ஏற்றி, வெகுநேரம் தலைதாழ்த்தி இருந்தார். தாகி பார்லித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பச்சைச் சோயா அரைத்துப் பூசிய அரிசி உருண்டையும் வைத்தாள். அவர் ஒன்றைத் தின்றார்.

“இந்த வருஷம் நெல்லு எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“பூத்திருச்சுங்க. வெயில் நல்லா இருக்கு.”

“குளிர்க்காத்து வரலியே?”

“இதுவரைக்கும் வரலீங்க.”

“கொழந்த பேரு?”

சொன்னாள். நல்ல பேரு என்றார். அவ்வளவுதான் பேசினார்கள். நான் தாகியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரித்திர வகுப்பில் பதில் தெரிந்தும் கை தூக்காமல் உட்கார்ந்திருப்பாள், அதே முகம்.

கிளம்பினோம். தாகி படியில் நிற்கவில்லை. வாசலுக்கு வந்தாள். வாசலிலும் நிற்கவில்லை. வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால், அதன் மேல் பலகை. அதைத் தாண்டித் தெருவுக்கே வந்து, இடுப்பு வரை குனிந்து நின்றாள். தெருமுனை வரை அண்ணா நேராக நடந்தார். முனை கடந்ததும் நின்றார்.

“தெரு வரைக்கும் வந்துச்சே அந்தப் பொண்ணு.”

“வந்தா.”

“குத்தலா ஒரு வார்த்த சொல்லல. தெரு வரைக்கும் வந்து குனிஞ்சு நிக்குது. மனசுல ஒண்ணும் வெச்சுக்கலன்னுதானே ரிட்சு?”

நான் கொஞ்சம் நடந்துவிட்டுச் சொன்னேன்: “அந்தப் பலக உளுத்துப் போயிருக்கு அண்ணா. நீங்க விழுந்துடக் கூடாதேன்னு வந்திருப்பா.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொள்ள நேரமாயிற்று.

“தாப்பா நெஜமாவே உறைஞ்சுதான் இருந்துச்சு.”

“சரி அண்ணா.”

வீட்டுக்கு வந்து சூப் கேட்டார். இரண்டு கிண்ணம் குடித்தார். இதைச் சொன்னால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும் என்று எழுதுகிறேன். வடக்கே போனதும் முதல் குளிருக்கு முன்னால் தடித்த உள்சட்டை வாங்குங்கள்.

ரிட்சு

ஆகஸ்ட் 7, சாயங்காலம். கடிதத்தைத் தபாலில் சேர்க்கும் முன் இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

அண்ணா காலை ரயிலில் போனார். ரயிலடியில் சீருடையில் இருந்தார். இருபுறமும் அதிகாரிகள் வரிசையாக நின்று வழியனுப்பினார்கள், பள்ளிப் பிள்ளைகள் கொடியாட்டினார்கள். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன்.

அதன்பின் தாகி வீட்டுக்குப் போனேன். அந்த வாய்க்கால் பலகை புதியது. வசந்தத்தில் மாற்றிய தேவதாரு. நேற்றே அதன் மேல் இரண்டு முறை நடந்தேன், எனக்குத் தெரியும்.

தாகி குழந்தையை மடியில் போட்டுத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள்.

“ஜெனரல் மூலையில திரும்பிப் பாத்தாரா டீச்சர்? நான் குனிஞ்சிருந்தேன், தெரியல.”

“இல்ல” என்றேன்.

“எங்க வீட்டுக்காரரு திரும்பிப் பாத்தாராம். அன்னிக்கு ராத்திரி, உங்க அண்ணா வீட்டுத் தெருமுனையில. ஜெயில்ல கடைசியாப் பாக்கப் போனப்ப சொன்னாரு. கதவு அகலத் திறந்தே கெடந்துச்சாம். பனி கொட்டிக்கிட்டு இருக்கு, தலையில ஒண்ணும் இல்லாம ஜெனரல் அங்கேயே நின்னுக்கிட்டிருந்தாராம். இவங்க மூணு பேரும் அங்கேர்ந்து சல்யூட் அடிச்சிட்டு வந்தாங்களாம்.” பிறகு சொன்னாள்: “அதான் நேத்து ஜெனரல் திரும்பறாரான்னு பாக்கலாம்னு வந்தேன்.”

தண்ணீர் குடித்தேன். தோரணங்களை மழைக்கு முன் அவிழ்த்துவிடுவார்களா என்று பேசினோம். நான் எழுந்தபோது தாகி எழவில்லை. இருந்த இடத்திலிருந்தே தலையசைத்தாள். குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

வாசல் கதவை நானே சாத்திவிட்டு வந்தேன்.